கடை வாசலில் திரும்பிய வண்டிகள்

2019 ஏப்ரல் 11, வியாழக்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் மாநிலங்களில் உள்ள ஸ்டாப் அண்ட் ஷாப் மளிகைப் பேரங்காடிகளில் பில் போட்டுக்கொண்டிருந்தவர்களும் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவர்களும் அலமாரியில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர்களும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். 240க்கு மேற்பட்ட கடைகள், 31,000 தொழிலாளர்கள். நிறுவனம் எல்லாக் கடைகளையும் மூடிவிடவில்லை. மேலாளர்களையும் தற்காலிக ஆட்களையும் வைத்து முடிந்த கடைகளை நடத்தப் பார்த்தது. ரொட்டிப் பிரிவும் மீன் பிரிவும் ஆளில்லாமல் கிடந்தன. கிடங்கிலிருந்து சரக்கு கொண்டுவர வேண்டிய டீம்ஸ்டர்ஸ் சங்க லாரி ஓட்டுநர்கள் மறியலைத் தாண்டி வர மாட்டோம் என்றார்கள்.

அந்த வேலைநிறுத்தத்தின் போக்கைத் தீர்மானித்தவர்கள் இவர்கள் மட்டுமல்ல. வண்டி நிறுத்துமிடம்வரை வந்த வாடிக்கையாளர்கள், வாசலில் அட்டை பிடித்து நின்றவர்களைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கைபேசி இருப்பிடத் தரவுகளை ஆராய்ந்த ஒரு நிறுவனத்தின் கணக்குப்படி, அந்தக் கடைகளின் வழக்கமான வாடிக்கையாளர் வருகை ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சரிந்தது. அது யூதர்களின் பாஸ்கா பண்டிகையும் கிறிஸ்தவர்களின் ஈஸ்டரும் அடுத்தடுத்து வந்த வாரம்; மளிகைக் கடைக்கு ஆண்டின் பெரிய வியாபார வாரங்களில் ஒன்று. பாஸ்டன் வட்டாரத்து யூத மதகுருக்கள் சிலர், உழைப்பவரை ஒடுக்கி விற்கப்படும் பொருள் பண்டிகை விருந்துக்கு ஏற்றதல்ல என்று தங்கள் சபையாரிடம் சொன்னார்கள். 11ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, உடன்பாடு எட்டியது. இந்த வேலைநிறுத்தம் தன் லாபத்தில் 9 முதல் 11 கோடி டாலர்வரை விழுங்கிவிட்டதாகத் தாய் நிறுவனமான அஹோல்ட் டெல்ஹேஸ் மதிப்பிட்டது.

இதே அமெரிக்காவில், இதே மளிகைத் தொழிலில், ஸ்டாப் அண்ட் ஷாப் தொழிலாளர்களின் அதே உணவு மற்றும் வணிகத் தொழிலாளர் சங்கம் 2003இல் தெற்குக் கலிபோர்னியாவில் நடத்திய போராட்டம் 141 நாள் நீடித்தது. அங்கும் வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனார்கள். அங்கும் கடைகள் வெறிச்சோடின. ஆனால் தொழிலாளர்கள் தோற்றார்கள். 11 நாளில் வென்றதற்கும் 141 நாளில் தோற்றதற்கும் நடுவே என்ன இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கலிபோர்னியக்காரர்களைவிட மாசசூசெட்ஸ்காரர்கள் நல்லவர்கள் என்பது பதில் ஆகாது. வாடிக்கையாளர் கொண்டுபோகாத பணம் கடைசியில் யார் தலையில் விழுந்தது என்று பின்தொடர்ந்து போனால்தான் விடை கிடைக்கும்.

முதலில் இந்த ஆயுதத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் புறக்கணிப்புக்கு வழங்கும் 'பாய்காட்' என்ற சொல் ஒரு மனிதரின் பெயர். 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். குத்தகையாளர்களை வெளியேற்ற முற்பட்ட அவருக்கு ஊரார் அறுவடை செய்யவில்லை, துணி வெளுக்கவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. நமக்குத் தெரிந்த ஊர்விலக்கு பெரும்பாலும் வலியவர் எளியவர்மீது ஏவியது. மேயோவில் அது தலைகீழாயிற்று. தூத்துக்குடியிலும் அப்படி நடந்திருக்கிறது. 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்களுக்குத் துணை நின்ற நாட்களில், ஆங்கிலேயருக்கும் அவர்கள் பக்கம் பேசியவர்களுக்கும் சவரம் செய்யவும் துணி வெளுக்கவும் அந்தத் தொழில் செய்பவர்கள் மறுத்தார்கள்.

கடைத் தொழிலாளருக்காகக் கடையில் வாங்குபவர்கள் திரண்டதன் தொடக்கம் நியூயார்க்கில் இருக்கிறது. அங்குள்ள பெரிய பல்பொருள் அங்காடிகளின் விற்பனைப் பெண்கள் நாள் முழுவதும் நின்றே வேலை செய்தார்கள். பெண் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 1881இலேயே நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டிருந்தது. இருக்கை வந்தது, உட்காரும் அனுமதி வரவில்லை. (தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமை சட்டத்தில் ஏறியது 2021இல்.) உழைக்கும் மகளிர் சங்கம் ஒன்று இந்தப் பெண்களின் நிலையை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அதைக் கேட்ட வசதியான குடும்பத்துப் பெண்கள் ஜோசஃபின் ஷா லோவெல் தலைமையில் 1891இல் நுகர்வோர் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். மோசமான கடைகளின் பட்டியலை வெளியிட்டால் வழக்கு பாயும் என்ற பயம் இருந்தது. அதனால் நல்ல கடைகளின் பட்டியலை வெளியிட்டார்கள். அதற்கு வெள்ளைப் பட்டியல் என்று பெயர். முதல் பட்டியலில் தேறிய கடைகள் 8. 1899இல் இது தேசிய நுகர்வோர் கழகமாக விரிந்தது. ஃபுளோரன்ஸ் கெல்லி அதன் பொதுச் செயலாளரானார்.

வழக்கைப் பற்றிய அந்தப் பயம் வீண் பயமில்லை. கனெக்டிகட்டின் டான்பரி ஊர்த் தொப்பித் தொழிலாளர்கள் ஒரு முதலாளியின் தொப்பிகளை நாடெங்கும் கடைகளில் விற்கவிடாமல் புறக்கணிப்பு நடத்தினார்கள். 1908இல் உச்ச நீதிமன்றம் அதை வணிகத்தைத் தடுக்கும் சதி என்று தீர்ப்பளித்தது. சங்கத்தின் சாதாரண உறுப்பினர்களுடைய வீடுகளும் வங்கிச் சேமிப்பும் ஜப்தியில் சிக்கின. 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இன்னொரு வேலி போட்டது. தகராறு எந்த முதலாளியுடனோ அவரை எதிர்த்து மறியல் செய்யலாம். அவரோடு வியாபாரம் செய்கிற மூன்றாமவரை நெருக்கக் கூடாது. 1964இல் சியாட்டில் நகரின் 46 சேஃப்வே கடைகளின் முன் நின்று, 'இந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை, வாஷிங்டன் ஆப்பிளை மட்டும் வாங்காதீர்கள்' என்று கேட்ட மறியலை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 1988இல், மறியல் இல்லாமல் துண்டறிக்கை மட்டும் கொடுத்து வாடிக்கையாளரிடம் முறையிடலாம் என்றது. தொழிலாளி வாடிக்கையாளரிடம் பேசும் ஒரு வாக்கியத்தைச் சட்டம் எத்தனை நுணுக்கமாக அளந்து தந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த வாக்கியத்துக்கு வலிமை இல்லையென்றால் இவ்வளவு அளந்திருக்க மாட்டார்கள்.

அந்த வேலிக்கு வெளியே இருந்தவர்கள் பண்ணைத் தொழிலாளர்கள். 1935இன் தொழிலாளர் உறவுச் சட்டம் அவர்களைத் தொழிலாளர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பாதுகாப்பு கிடைக்காததுபோலவே தடையும் அவர்களைத் தொடவில்லை. கலிபோர்னியாவின் டெலானோவில் 1965 செப்டம்பர் 8 அன்று லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில், சில நாட்களில் சீசர் சாவேஸ், டொலோரஸ் ஹுயெர்ட்டா ஆகியோரின் சங்கமும் சேர்ந்தது. தோட்டத்தில் கருங்காலிகளை இறக்கி அறுவடையை முடிக்க முதலாளிகளால் முடிந்தது. எனவே தொழிலாளர்கள் திராட்சை விற்கும் நகரங்களுக்குப் போய், பேரங்காடிகளின் வாசலில் நின்றார்கள். 1970 ஜூலை 29 அன்று டெலானோவின் பெரிய தோட்டக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிறகு புறக்கணிப்பு மீண்டும் நடந்துகொண்டிருந்த 1975இல் எடுத்த ஹாரிஸ் கருத்துக்கணிப்பு, 1.7 கோடி அமெரிக்கர்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தியிருந்ததாகக் காட்டியது.

திராட்சை ஒரு பொருள். அதை வாங்காமல் இருப்பது எளிது. வேலைநிறுத்தம் கடையிலேயே நடக்கும்போது கேட்கப்படுவது வேறு: வாராவாரம் போய்வரும் கடையை, கை பழகிய அலமாரிகளை, வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை விட்டு இன்னொரு கடைக்குப் போகச் சொல்கிறார்கள். குழந்தைக்குப் பால் இன்று வேண்டும். வண்டி இல்லாதவருக்கு அடுத்த கடை 3 மைல் தள்ளி இருக்கலாம். இதைச் சொல்லாமல் நுகர்வோரின் மனசாட்சியைப் புகழ்ந்து எழுதுவது நேர்மையாகாது. மாற்றுக் கடை பக்கத்தில் இருக்கும் ஊரில் புறக்கணிப்பு பலிக்கிறது. ஒரே கடை உள்ள ஊரில் அதே மனசாட்சி உள்ளவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறார்கள். அவர்களைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைக்காரர் பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்க மளிகைத் தொழிலில் 100 டாலருக்கு விற்றால் எல்லாச் செலவும் போக நிற்பது ஒன்றோ இரண்டோ டாலர்தான். வாடகை, மின்சாரம், குளிர்பதனப் பெட்டி எல்லாம் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும். கீரையும் பாலும் மீனும் காத்திருக்காது. வாடிக்கையாளரில் பத்தில் ஒருவர் போனாலே லாபம் நஷ்டமாக மாறக்கூடிய தொழில் இது. எஃகு ஆலையிலோ கார் ஆலையிலோ வேலைநிறுத்தம் வந்தால் தேங்கிக் கிடக்கும் சரக்கை விற்று நாட்களைத் தள்ளலாம். மளிகைக் கடையில் இன்று விற்காத ரொட்டி நாளை குப்பைக்குப் போகும். இத்தனை மெல்லிய தரையில் நிற்கும் நிறுவனங்கள் தெற்குக் கலிபோர்னியாவில் 141 நாள் எப்படித் தாக்குப்பிடித்தன?

2003 அக்டோபர் 11 அன்று சேஃப்வே நிறுவனத்துக்குச் சொந்தமான வான்ஸ், பெவிலியன்ஸ் கடைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மறுநாளே குரோகருக்குச் சொந்தமான ரால்ஃப்ஸும் ஆல்பர்ட்சன்ஸும் கதவடைப்புச் செய்து தங்கள் தொழிலாளர்களை வெளியே தள்ளின. மொத்தம் சுமார் 850 கடைகள், ஏறத்தாழ 60,000 தொழிலாளர்கள். சிக்கல் மருத்துவக் காப்பீடு. வால்மார்ட் தன் பேரங்காடிகளோடு கலிபோர்னியாவுக்குள் வரப்போகிறது, பழைய செலவோடு அதனுடன் போட்டியிட முடியாது என்றன நிறுவனங்கள். காப்பீட்டுச் செலவைத் தொழிலாளரும் சுமக்க வேண்டும், புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்த சம்பளமும் குறைந்த சலுகையும்தான் என்பது அவர்களின் நிலை.

வாடிக்கையாளர்கள் மாதக் கணக்கில் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். ஸ்டேட்டர் பிரதர்ஸ், டிரேடர் ஜோஸ் போன்ற மற்றக் கடைகளில் கூட்டம் வழிந்தது. அக்டோபர் 31 அன்று சங்கம் ஒரு முடிவெடுத்தது: ரால்ஃப்ஸ் கடைகளின் முன்னிருந்து மறியலை விலக்கிக்கொண்டது. பொதுமக்களுக்குப் போக ஒரு கடை வேண்டும். ரால்ஃப்ஸுக்கு வியாபாரம் கூடினால் மற்ற இரண்டும் அதன்மீது பொறாமை கொள்ளும். மூவர் கூட்டணி உடையும். இதுதான் கணக்கு. கேட்கும்போது சரியான கணக்காகத்தான் தெரிகிறது.

ஆனால் அந்த நிறுவனங்கள் முன்னதாகவே தங்களுக்குள் ஒரு பரஸ்பர உதவி ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தன. வேலைநிறுத்தக் காலத்தில் எந்த நிறுவனத்துக்கு வழக்கமான பங்கைவிட அதிக வியாபாரம் நடக்கிறதோ, அது கூடுதல் வருமானத்தில் 15 சதவீதத்தை மற்றவர்களுக்குத் தர வேண்டும். தொழிலாளரை ஆதரிப்பதாக நினைத்து வான்ஸைத் தவிர்த்து ரால்ஃப்ஸில் வாங்கிய ஒவ்வொரு வாடிக்கையாளரின் பணத்திலும் ஒரு பங்கு, சுற்றிக்கொண்டு வான்ஸுக்கே போய்ச் சேர்ந்தது. கடைசியில் ரால்ஃப்ஸ் மற்ற இரண்டுக்கும் கொடுத்த தொகை சுமார் 14.6 கோடி டாலர். நல்லெண்ணத்தோடு செய்த ஒரு செயலின் விளைவை, செய்தவருக்கே தெரியாமல் எதிர்த் திசையில் திருப்பிவிட்ட ஏற்பாடு இது. கலிபோர்னிய அரசின் தலைமை வழக்கறிஞர் 2004 பிப்ரவரியில் இதைப் போட்டித் தடைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். வழக்கு 2011வரை இழுத்தது. தொழிலாளர் சட்ட விலக்கு இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் சட்டவிரோதம் என்று தள்ளவும் மறுத்துவிட்டது. அதற்குள் போராட்டம் முடிந்து 7 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இதோடு நிற்கவில்லை. ரால்ஃப்ஸ், தானே கதவடைத்து வெளியே தள்ளிய தொழிலாளர்களில் நூற்றுக்கணக்கானோரைப் பொய்ப் பெயரிலும் பொய்ச் சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் ரகசியமாக வேலைக்கு வைத்துக்கொண்டது. 2006இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடி டாலர் அபராதமும், தொழிலாளர்களுக்கு 5 கோடி டாலர் இழப்பீடும் கட்டியது. எண் பொய், பெயர் பொய், கடை வாசலில் தெரிந்த கதவடைப்பும் பாதி பொய்.

2004 பிப்ரவரி இறுதியில் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தை ஏற்று வாக்களித்தபோது, புதியவர்களுக்கு ஒரு சம்பளம், பழையவர்களுக்கு ஒரு சம்பளம் என்ற இரட்டை அடுக்கு முறை வந்துவிட்டது. நிறுவனங்களும் 100 கோடி டாலருக்கு மேல் விற்பனையை இழந்திருந்தன. ஆனால் குரோகரும் சேஃப்வேயும் ஆல்பர்ட்சன்ஸும் நாடு தழுவிய நிறுவனங்கள். தெற்குக் கலிபோர்னியாவில் விழுந்த அடியை மற்ற மாநிலங்களின் வருமானம் தாங்கிப் பிடித்தது. வாசலில் நின்ற தொழிலாளிக்கு அப்படித் தாங்கிப்பிடிக்க இன்னொரு மாநிலம் இல்லை. வாடகையைக் கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்கள் உண்டு.

ஸ்டாப் அண்ட் ஷாப்பில் இந்த வழிகள் அடைபட்டிருந்தன. அடிபட்டது ஒரே சங்கிலிக் கடை. இழப்பைப் பகிர்ந்துகொள்ள வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லை. பக்கத்திலேயே போட்டிக் கடைகள் தாராளமாக இருந்தன. அங்கே போன பணம் திரும்பி வரவில்லை. தாய் நிறுவனம் நெதர்லாந்தில் தலைமையகம் கொண்ட பெரும் நிறுவனம்தான். தாக்குப்பிடிக்கப் பணம் இருந்தது. ஆனால் அதன் அமெரிக்க வியாபாரத்தில் ஸ்டாப் அண்ட் ஷாப் பெரிய தூண். பண்டிகை வாரம் வேறு. வாடிக்கையாளரின் விலகல் எங்கும் சிதறாமல் அப்படியே இலக்கில் விழுந்தது. என்ன கிடைத்தது என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் பெருமளவு காப்பாற்றிக்கொண்டார்கள், சம்பள உயர்வும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்கான ஒன்றரைச் சம்பளத்தை இருப்பவர்களுக்குக் காத்துக்கொண்டார்கள். இனிமேல் சேரும் பகுதிநேர ஊழியர்களுக்கு அதே அளவில் பெற முடியவில்லை. நாளை வரப்போகிறவர் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை என்பதால் அவர் தலையில் சுமையை ஏற்றும் பழக்கம் அங்கும் கொஞ்சம் எட்டிப்பார்த்தது.

அதே மாசசூசெட்ஸில் அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. மார்க்கெட் பாஸ்கெட் என்னும் குடும்பச் சங்கிலிக் கடை; அப்போது 71 கடைகள், 25,000 தொழிலாளர்கள், சங்கம் கிடையாது. 2014 ஜூனில் குடும்பச் சண்டையில் தலைமை நிர்வாகி ஆர்தர் டி. டெமூலஸ் நீக்கப்பட்டார். குறைந்த விலைக்கு விற்று, ஊழியர்களுக்கு லாபத்தில் பங்கும் கொடுத்தவர் அவர். ஜூலையில் அலுவலகத்தாரும் கிடங்குத் தொழிலாளரும் லாரி ஓட்டுநர்களும் வேலையை நிறுத்தினார்கள். காய்கறி அலமாரிகள் காலியாயின. வாடிக்கையாளர்கள் வேறு கடைகளில் வாங்கிய பில்களைக் கொண்டுவந்து மார்க்கெட் பாஸ்கெட் கடைகளின் கண்ணாடியில் ஒட்டினார்கள். இவ்வளவு பணம் உனக்கு வராமல் போயிற்று என்று தொகையோடு எழுதிக் காட்டிய மறியல் அது. ஆகஸ்ட் 27 அன்று, 150 கோடி டாலருக்கு மேல் கொடுத்து மற்ற உறவினர்களின் பங்குகளை ஆர்தர் டி. தரப்பு வாங்கிக்கொள்ள, அவர் நாற்காலிக்குத் திரும்பினார்.

மக்கள் ஆதரவு என்ற அளவில் இதற்கு இணையாக இன்னொன்றை அண்மைக் கால அமெரிக்காவில் காண்பது அரிது. ஆனால் அந்த வெற்றி ஒரு மனிதரிடம் இருந்தது; ஒப்பந்தத் தாளில் இல்லை. 2025 செப்டம்பரில் இயக்குநர் குழு அதே மனிதரை மீண்டும் நீக்கியது. 2014இல் பில் ஒட்டியவர்களும் வெயிலில் நின்றவர்களும் ஈட்டித் தந்ததைக் கேட்டுப் பெற, சங்கம் பேசி எழுதிய ஒரு பத்திகூடத் தொழிலாளர் கையில் இல்லை. வாடிக்கையாளரின் ஆதரவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதை வாங்கி எழுத்தாக்கிக்கொள்ளும் அமைப்பு தொழிலாளரிடம் இருக்க வேண்டும்.

வாசலே இல்லாத கடைகளுக்கு இப்போது வந்திருக்கிறோம். அமேசானில் வாங்குபவர் கிடங்குத் தொழிலாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. அட்டை பிடித்து நிற்பவரைத் தாண்டிப் போகும் கூச்சமும் அங்கே இல்லை. 2021 மார்ச்சில் அலபாமாவின் பெஸ்ஸமர் கிடங்கில் சங்கம் அமைப்பதற்கான வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வாரம் அமேசானைப் புறக்கணிப்போம் என்ற அழைப்பு சமூக ஊடகங்களில் பரவியது. நாங்கள் அப்படி அழைக்கவில்லை என்று அங்கே களத்தில் இருந்த சங்கமே சொல்ல வேண்டியதாயிற்று. வாக்கெடுப்பு நடக்கும் நேரத்தில், சங்கத்தால் உன் வேலைக்கே ஆபத்து என்று தொழிலாளியின் காதில் ஓதக் காத்திருந்தது நிர்வாகம். வெளியிலிருந்து வரும் புறக்கணிப்பு அழைப்பு அந்தப் பேச்சுக்குத் தீனியாகிவிடக்கூடும். உதவ நினைத்தவர்கள் கேட்டிருக்கலாம். புறக்கணிப்பைத் தொடங்கும் உரிமை தொழிலாளருடையது. கடை மூடினால் வேலை இழக்கப் போகிறவர் அவர்தான்.

அதை முடிக்கும் உரிமையும் அவருடையதே. இதைப் பேசுபவர்கள் குறைவு. தெற்குக் கலிபோர்னியாவில் வேறு கடைக்குப் பழகிய வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் போராட்டம் முடிந்த பிறகும் திரும்பவில்லை. இழந்த சந்தைப் பங்கு என்று நிறுவனம் அதை எழுதிக்கொண்டது. தொழிலாளி அதைக் குறைந்த வேலை நேரமாக, மெலிந்த சம்பளக் காசோலையாக அனுபவித்தார். 2007இல் அடுத்த ஒப்பந்தம் வந்தபோது அந்த இரட்டை அடுக்கு பெரும்பாலும் நீக்கப்பட்டது. தோற்று 3 ஆண்டுகளுக்குப் பிறகு, குறைந்த நேரத்தோடும் குறைந்த காசோலையோடும் சங்கத்தைக் கலைக்காமல் வைத்திருந்தவர்கள் அதை மீட்டார்கள்.

ஆகவே வாசகரிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் பாஸ்டனிலோ லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கலாம். என்றாவது உங்கள் கடை வாசலில் அட்டை பிடித்தவர்களைப் பார்ப்பீர்கள். உள்ளே போகும் முன் அவர்களிடம் நின்று, நாங்கள் எங்கே வாங்க வேண்டும், எங்கே வாங்கக் கூடாது என்று கேளுங்கள். அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். உடன்பாடு கையெழுத்தான மறுநாள் அதே கடைக்குத் திரும்பிப் போய், தானே பில் போடும் இயந்திரத்தை விட்டுவிட்டு, ஆள் நிற்கும் வரிசையில் நில்லுங்கள்.